தண்டால் எண்ணிக்கையில் சண்டை வராமல் ஆன்லைன் போட்டி நடத்துவது எப்படி?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜிம் நடத்துகிறேன். போன வருடம் ஆன்லைனில் ஒரு ஃபங்ஷனல் ஃபிட்னஸ் போட்டி (தண்டால், தாவல், ஓட்டம், எடை தூக்குதல் எல்லாம் கலந்தது) வைத்தோம். 64 பேர் கலந்துகொண்டார்கள். அதில் பாதிப் பேர் துபாய், மஸ்கட், குவைத்தில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன்கள். அவரவர் இடத்தில் செய்து வீடியோ அனுப்ப வேண்டும், நாங்கள் எண்ணி மார்க் போடுவோம். இரண்டு நிமிடத் தண்டாலில் யார் முதல் என்று வந்த தகராறில் இரண்டு வீட்டார் இன்றும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த வருடம் 120 பேர் வருவார்கள் போலிருக்கிறது. இரண்டு நிமிடத் தண்டால், 100 பஸ்கி, டபுள் அண்டர் (ஒரு தாவலுக்குக் கயிறு இரண்டு சுற்று), சுவரோரத் தலைகீழ்த் தண்டால், 1 கிலோமீட்டர் ஓட்டம், பிளாங்க் (முழங்கையிலும் கால்விரலிலும் உடம்பை நேராகத் தாங்கிக் கிடப்பது) என்று ஆறு ஐட்டம் யோசித்திருக்கிறேன். எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்? பெண்கள் சிலர் வேறு, “நாங்க அனுப்புற வீடியோவை யாரெல்லாம் பார்ப்பாங்க?” என்று கேட்கிறார்கள்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் குவைத்திலிருந்து ஒருமுறை இரவு பதினொன்றரைக்கு வந்த போன்தான் ஞாபகம் வந்தது. நான் ஜட்ஜாக இருந்த ஒரு ஆன்லைன் போட்டி அது. இரண்டு நிமிடத் தண்டால். ஒரு பையனின் வீடியோவை நான் எண்ணியபோது 48 வந்தது. என்னோடு இருந்த இன்னொரு ஜட்ஜுக்கு 71. ஒரே வீடியோ, இரண்டு பேரும் வருடக்கணக்காக எண்ணிப் பழகியவர்கள். நடுவில் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு அனுப்பினோம். பையன் கூப்பிட்டுவிட்டான். “அண்ணே, எனக்க நெஞ்சு தரையில தொட்டுதா இல்லியா, அதை மட்டும் சொல்லுங்க.” என்னால் சொல்ல முடியவில்லை. பனியன் தொட்டது தெரிந்தது. நெஞ்சு தொட்டதா என்பது அவனுக்கும் தரைக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

அன்றைக்கு நாங்கள் ஜட்ஜை மாற்றலாமா, கேமராவை மாற்றலாமா என்றெல்லாம் யோசித்தோம். தப்பு பயிற்சியில் இருந்தது என்று புரியக் கொஞ்ச காலம் பிடித்தது. உங்கள் போன வருடச் சண்டையிலும் இரண்டு வீட்டார் மேலும் குற்றமில்லை என்றுதான் நினைக்கிறேன். எண்ண முடியாத ஒன்றை எண்ணச் சொல்லியிருக்கிறீர்கள்.

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருப்பீர்கள். வாசல் பக்கம் ஒரு மேடையில் உருண்டைக் கல் ஒன்று இருக்கும். 38 கிலோ என்பார்கள். ராஜாவின் படையில் சேர அதைத் தலைக்கு மேலே 101 முறை தூக்க வேண்டும் என்று அங்குள்ள வழிகாட்டிகள் எல்லோருக்கும் சொல்வது வழக்கம். கதையோ நிஜமோ, போட்டி நடத்துகிறவன் கண்ணால் பார்த்தால் அதில் ஒரு குறை உண்டு. எண்பதாவது முறை கை முழுதாக நீண்டதா, முழங்கை லேசாக மடங்கியிருந்ததா என்று யார் சொல்வது? பக்கத்தில் ராஜாவின் ஆள் நிற்பதால் அங்கே அது செல்லும். நம்மூர்ப் பக்கத்து இளவட்டக்கல்லைப் பாருங்கள். கல்லை முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளைத் தாண்டி முதுகுக்குப் பின்னால் போட வேண்டும். கல் பின்னால் விழுந்தால் தூக்கியாயிற்று, முன்னால் விழுந்தால் இல்லை. அம்மன் கோயில் கொடைக்கு வந்த கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்கிற பாட்டிக்கும் முடிவு தெரியும். ஜட்ஜே வேண்டாம்.

ஆன்லைன் போட்டிக்குப் பயிற்சி தேடும்போது இந்த இரண்டாவது வகையைத் தேடுங்கள். ஒவ்வொரு ரெப்பும், அதாவது பயிற்சியை ஒருமுறை முழுதாகச் செய்வது, முடிந்ததை ஒரு பொருள் சொல்ல வேண்டும். தரை சொல்லலாம், கோடு சொல்லலாம், பின்னால் விழுகிற மூட்டை சொல்லலாம். ஜட்ஜின் அபிப்பிராயம் தேவைப்படுகிற இடம் எத்தனை குறைகிறதோ அத்தனை சண்டை குறையும்.

இன்னொரு கேள்வியையும் ஒவ்வொரு பயிற்சியிடமும் கேளுங்கள்: இதை அரைகுறையாகச் செய்தால் நேரம் மிச்சமாகிறதா? தண்டாலைப் பாதியில் திருப்பினால் ஒரு ரெப்புக்கு அரை நொடி மிச்சம், கைக்கும் சுகம். யோக்கியமாக நெஞ்சைத் தரையில் வைக்கிறவன் தோற்பான். அவன் அடுத்த வருடம் வரமாட்டான், வந்தாலும் அவனும் பாதியில் திருப்பக் கற்றுக்கொண்டு வருவான். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன், ஜிம் பையன்கள் ‘திருட்டு ரெப் சோதனை’ என்பார்கள். ஒரே ஆளை ஒரு நிமிடம் ஒழுங்காகச் செய்யச் சொல்லுங்கள், நன்றாக ஓய்வெடுத்த பின் ஒரு நிமிடம் எவ்வளவு ஏமாற்ற முடியுமோ அவ்வளவு ஏமாற்றிச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு வீடியோவையும், எது எது என்று சொல்லாமல், இரண்டு ஜட்ஜுகளிடம் தனித்தனியாகக் கொடுங்கள். திருட்டு வீடியோவுக்கு அதிக மார்க் வந்தாலோ, ஒரே வீடியோவுக்கு இருவரின் எண்ணும் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் விலகினாலோ அந்தப் பயிற்சி வேண்டாம், அல்லது அதன் விதியைத் திருத்துங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும் இதற்கு. போட்டி அறிவித்த பிறகு செய்வதைவிட முன்னால் செய்வது நல்லது.

சரி, உங்கள் ஆறு ஐட்டத்துக்கு வருவோம்.

தண்டாலை எடுக்க வேண்டாம். ஒரே ஒரு திருத்தம் போதும். கீழே போய் நெஞ்சு தரையில் படுத்ததும் இரண்டு உள்ளங்கையையும் தரையிலிருந்து எடுத்து, மறுபடி வைத்து எழும்ப வேண்டும். உடம்பு முழுக்கத் தரையில் கிடந்தால்தான் கையை எடுக்க முடியும். ஆகவே நெஞ்சு தொட்டதா என்று பார்க்க வேண்டியதே இல்லை, கை எழும்பியதா என்று பார்த்தால் போதும். குவைத் பையனின் கேள்விக்குப் பதில் இதில் இருந்திருக்கிறது. கிராஸ்ஃபிட் என்ற அமெரிக்க உடற்பயிற்சி நிறுவனத்தார் 2011-இல் முதன்முதலாக உலக அளவில் ஆன்லைனில் ஓபன் போட்டி வைத்தபோது சுமார் 26,000 பேர் சேர்ந்தார்கள். அந்த முதல் வருடமே தண்டாலுக்கு இந்த விதிதான். பிற்பாடு அமெரிக்க ராணுவமும் தன் உடற்தகுதித் தேர்வில் பழைய தண்டாலை மாற்றிக் கையெடுக்கும் தண்டாலைக் கொண்டுவந்தது. மேலே வந்ததும் முழங்கை நீள வேண்டும் என்பது மட்டும் கண்ணால் பார்க்க வேண்டியதாக மிச்சமிருக்கும். கேமராவைப் பக்கவாட்டில் வைத்தால் அது தெரியும். எண்ணிக்கை போன வருடத்தைவிட நிறையக் குறையும், பையன்கள் முனகுவார்கள். முனகட்டும்.

பஸ்கியை எடுத்துவிடுங்கள். எனக்கும் மனமில்லை, உடம்புக்கு அதைப்போல நல்ல பயிற்சி கிடையாது. ஆனால் இடுப்பு மடிப்பு முழங்காலுக்குக் கீழே போனதா என்பது ஆன்லைனில் தீராத வழக்கு. கேமரா கொஞ்சம் உயரத்தில் இருந்தால் ஆழம் குறைவாகத் தெரியும், தாழ்வாக இருந்தால் அதிகமாகத் தெரியும். தொளதொள டிரவுசரில் மடிப்பே தெரியாது. சுடிதார் டாப் போட்டுச் செய்கிற பெண்களுக்கு ஜட்ஜ் என்ன மார்க் போடுவார்? டாப்பைத் தூக்கிச் சொருகு என்று விதி எழுதவா முடியும்? சிலர் பின்னால் ஒரு ஸ்டூல் வைத்து அதைத் தொட்டால் போதும் என்பார்கள். ஸ்டூலின் உயரம் ஆளுக்கு ஆள் மாற வேண்டும், அதை அளப்பதில் அடுத்த சண்டை தொடங்கும்.

இது என் கற்பனை இல்லை. உங்கள் பட்டியலில் இருக்கும் தலைகீழ்த் தண்டாலுக்கு 2018 கிராஸ்ஃபிட் ஓபனில் இதுதான் நடந்தது. கை பாதி மடங்கியும் மடங்காமலும் எண்ணிக்கை ஏற்றுகிறார்கள் என்று, ஒவ்வொருவரின் உடல் அளவை வைத்துச் சுவரில் ஒரு கோடு போடச் சொன்னார்கள். குதிகால் அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் ரெப். கேட்க நியாயமாக இருக்கிறது, இல்லையா? நேற்றுவரை அந்தப் பயிற்சியைச் சரளமாகச் செய்தவர்கள் பலர் அன்று நோ-ரெப் (செல்லாத ரெப்) வாங்கினார்கள். கோடு தெளிவாக இருந்தது, கோட்டை எங்கே போடுவது என்பதில் உலகம் முழுக்க முணுமுணுப்பு. ஆளுக்கு ஆள் அளவெடுக்க வேண்டிய எந்தப் பயிற்சியும் சண்டையை நிறுத்துவதில்லை, அளவு நாடா இருக்கும் இடத்துக்கு அதை நகர்த்திவிடுகிறது. தலைகீழ்த் தண்டாலை நீங்கள் வேறு காரணத்துக்காகவும் விட வேண்டும். கை சோர்ந்தால் தலையில் இறங்கும், பக்கத்தில் பிடிக்க ஆளில்லாத அறையில் கழுத்துக்கு யார் பொறுப்பு?

பஸ்கிக்குப் பதில் லஞ்ச் (lunge) என்ற பயிற்சியை வையுங்கள். ஒரு காலை முன்னே வைத்து இறங்கி, பின்கால் முழங்கால் தரையில் தொட வேண்டும், நேராக எழுந்து நின்ற பின் அடுத்த கால். முழங்கால் தரையில் தொடுவதை எந்த உடுப்பும் மறைக்காது. உயரமானவர், குட்டையானவர் எல்லோருக்கும் தரை ஒன்றுதான். ஒரு துண்டை மடித்துக் கீழே போட அனுமதியுங்கள், சிமெண்ட் தரையில் முழங்கால் பிய்ந்துவிடும்.

டபுள் அண்டரைப் பற்றி எனக்கு இரண்டு மனம். கயிறு காலில் தட்டினால் நின்றுவிடும், அந்த வகையில் நேர்மையான பயிற்சி. சிக்கல் போனில் இருக்கிறது. சாதாரணமாகப் போன் நொடிக்கு 30 படம் எடுக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் கயிறே தெரியாது, கை மணிக்கட்டு சுற்றுவது மட்டும் தெரியும். இடையில் ஒரு தாவலுக்கு ஒரு சுற்று என்று கலந்தடித்தால் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். பின்னணியில் பாட்டு ஓடினால் அதுவும் போச்சு. 200 தாவலை இப்படி 120 பேருக்கு எண்ணினால் ஜட்ஜுக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டிவரும். இந்த வருடம் வேண்டாம்.

ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். போலீஸ் தேர்வுக்கு நம் பையன்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடிப் பழகுகிறார்கள். அது செல்லுபடியாவதற்குக் காரணம், எல்லோரும் ஒரே மைதானத்தில் ஒரே அதிகாரியின் விசிலுக்கு ஓடுகிறார்கள். உங்கள் போட்டியில் ஒருவன் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து மேட்டில் ஓடுவான், இன்னொருவன் ராஜாக்கமங்கலம் சமதளத்தில் ஓடுவான். ஆரல்வாய்மொழியில் இருப்பவன் காற்றுக்கு எதிரே ஓடினால் பாவம், திரும்பி வருகையில் யோகம். காற்றாலைகளை அங்கே சும்மா நட்டுவைக்கவில்லை. போதாக்குறைக்குப் போனின் ஜிபிஎஸ், தென்னந்தோப்புக்குள்ளும் மஸ்கட் மாடிக் கட்டடங்களுக்கு நடுவிலும் தன்னிஷ்டத்துக்குத் தூரம் சொல்லும். பதிலாக 5 மீட்டர் ஷட்டில், அதாவது ஓடித் திரும்பும் ஓட்டம், வையுங்கள். இரண்டு கோடு, கோட்டுக்கு அப்பால் கை தரையைத் தொட வேண்டும். தொடங்கும் முன் அளவு நாடாவைக் கோட்டுக்குக் கோடு பிடித்து வீடியோவில் காட்டிவிட வேண்டும். ஏன் 10 மீட்டர் இல்லை என்றால், கல்ஃபில் இருப்பவன் ஒரு அறையில் ஐந்து கட்டிலோடு வாழ்கிறான். பார்க்கிங்கில் 5 மீட்டர் கிடைக்கும், 10 மீட்டருக்கு நடுவில் எவனோ வண்டியை விட்டிருப்பான். இடமும் நியாயத்தில் சேர்த்திதான்.

பிளாங்க் வேண்டவே வேண்டாம். இடுப்பு எவ்வளவு தொங்கினால் தொங்கியது?

பதிலாக மூட்டை. இளவட்டக்கல்லை நான் இவ்வளவு நேரம் இழுத்ததற்குக் காரணமே இதுதான். ஒரு சாக்கு மூட்டையைத் தரையிலிருந்து எடுத்து ஒரு தோள் வழியாகப் பின்னால் போட வேண்டும். திரும்பி நின்று மறுபடி. ஆண்களுக்கு 25 கிலோ, பெண்களுக்கு 15. பார்பெல் வேண்டாம், மெஷின் வேண்டாம், மஸ்கட்டிலும் சாக்கு கிடைக்கும். அரிசி மூட்டையையே அப்படியே எறிய வேண்டாம், வீட்டில் அடி விழும். அதுவும் 25 கிலோ வரையுள்ள பை அரிசிக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு மில்காரர்கள் பலர் 26 கிலோ பை போடுகிறார்கள், அந்த ஒரு கிலோவுக்கு வேறு வழக்கு வரும். காய்ந்த மணலை உறுதியான பிளாஸ்டிக் கவரில் கட்டி, அதைச் சாக்குக்குள் இறக்கி வாயைத் தைத்துவிடுங்கள். மழை நாளில் வெளியே கிடந்த மூட்டை தண்ணீர் குடித்து எடை ஏறும். நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை என்பதால் சொல்கிறேன்.

‘இத்தனை வாளி மணல்’ என்று மட்டும் விதி எழுதிவிடாதீர்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில் இல்மனைட் போன்ற கனிமம் நிறைய. சாதாரண ஆற்றுமணலைவிட அது நன்றாகக் கனக்கும். ஒரே வாளி, இரண்டு எடை. அந்த மணலை அள்ளினால் வழக்கும் வேறு வரும், அது தனிக்கதை. எடையைத் தராசில் வைத்து, எண் தெரிய, வீடியோவின் தொடக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். ரப்பர் ஷீட் எடுக்கும் கடைகளில் நல்ல டிஜிட்டல் தராசு இருக்கும், ஒரு டீயைச் சொல்லிவிட்டுக் கேட்டால் மறுக்கமாட்டார்கள். இரும்பு பிளேட்டுக்கும் இதே விதிதான் என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். பழைய ஜிம் ஒன்றில் ஒருமுறை 20 கிலோ என்று பொறித்த வார்ப்பிரும்பு பிளேட்டுகளை எடை போட்டுப் பார்த்தோம், ஒன்றுகூட 20 இல்லை.

யாராவது உங்களிடம் வால் பால் (கனமான பந்தைச் சுவரில் உயரத்தில் எறிவது) வைக்கலாம் என்பார்கள். ஆண்களுக்கு இலக்கு 10 அடி உயரம், நம் வீட்டு கான்கிரீட் கூரையே அவ்வளவுதான். ரோயிங் மெஷின் என்பார்கள். ஒரே கம்பெனி மெஷின் எல்லோரிடமும் இருந்தால் அருமையான விஷயம், மீட்டரே மார்க் போட்டுவிடும். 120 பேரில் எத்தனை பேருக்கு இருக்கும்? வேறு வேறு கம்பெனி ஏர் பைக்குகள் (ஜிம்மில் நிற்கும் காற்றாடி சைக்கிள்கள்) காட்டுகிற கலோரியை ஒப்பிடுவது, நாகர்கோவில் ஆட்டோ மீட்டரையும் திருவனந்தபுரம் ஆட்டோ மீட்டரையும் ஒப்பிடுவது போல.

எந்தப் பயிற்சியும் எல்லா உடம்புக்கும் நியாயமாக இருக்காது என்பதையும் ஒத்துக்கொள்ளுங்கள். மூட்டை கனத்த ஆளுக்குச் சாதகம். தண்டால், பர்பி (தரையில் விழுந்து எழும்பித் தாவுவது) எல்லாம் ஒல்லியான, கை குட்டையான ஆளுக்குச் சாதகம். அதற்காக மூட்டை எடையை ஆளின் எடைக்கு ஏற்ப மாற்றப் போகாதீர்கள். உடல் எடை கூடுகிற விகிதத்தில் பலம் கூடுவதில்லை, அந்தக் கணக்கில் சின்ன உடம்புக்காரன் எப்போதும் ஜெயிப்பான். ஒரு சுற்றில் கனத்தவனுக்கு, ஒரு சுற்றில் இலேசானவனுக்கு, ஒரு சுற்றில் மூச்சு உள்ளவனுக்கு என்று கலந்து வைத்தால் போதும். நான் செய்தால் இப்படி மூன்று சுற்று வைப்பேன். முதல் சுற்று 7 நிமிடம்: மூட்டை 6 முறை, ஷட்டில் 10 முறை, திரும்பத் திரும்ப. இரண்டாவது 5 நிமிடம்: கையெடுக்கும் தண்டால் 10, சிட்-அப் 15. சிட்-அப்பில் படுக்கும்போது தலைக்குப் பின்னால் தரையையும், எழும்போது கால் விரலையும் கை தொட வேண்டும். மூன்றாவது 6 நிமிடம்: கோட்டைத் தாண்டும் பர்பி 10, லஞ்ச் 20. பர்பியில் நெஞ்சு தரையில், எழுந்து இரண்டு காலும் கோட்டின் அந்தப் பக்கம், அவ்வளவுதான். ஒரே சமயத்தில் இரண்டு காலும் எழும்ப வேண்டும், நிமிர்ந்து கை தட்ட வேண்டும் என்றெல்லாம் சேர்க்காதீர்கள். நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு விதியும் ஜட்ஜ் பார்க்க வேண்டிய இன்னொரு இடம்.

பர்பியிலும் பழைய தண்டால் தொல்லை வராதா என்று கேட்பீர்கள். வரலாம். ஆனால் பர்பியில் ஆள் மொத்தமாக விழுந்து எழும்புகிறான், களைத்தவன் நெஞ்சைத் தூக்கிப் பிடிப்பதைவிடத் தரையில் போடுவதுதான் அவனுக்கு எளிது. சோம்பலும் விதியும் ஒரே பக்கம் நிற்கிற பயிற்சி அது. இந்த மாதிரி இன்னும் ஏதாவது கண்ணில் பட்டால் எனக்கு எழுதுங்கள்.

ஒரு சுற்றுக்குள் பட்டியலை ஒருமுறை முடிப்பது ஒரு ரவுண்டு; ஒவ்வொரு ரவுண்டு முடியும்போதும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு ஒரே எண் வந்தால், கடைசி முழு ரவுண்டை முன்னால் முடித்தவன் மேலே.

ஆறிலிருந்து மூன்றாகக் குறைத்ததற்கு இன்னொரு காரணம் உங்கள் ஜட்ஜுகள். 120 பேர், ஆறு ஐட்டம் என்றால் 720 வீடியோ. மூன்றென்றால் 360. ஆளுக்கு 18 நிமிடம் கணக்கில் மொத்தம் 36 மணி நேரம். நான்கு ஜட்ஜ் இருந்தால் ஆளுக்கு 9 மணி நேரம், இரண்டு வாரத்தில் மூச்சு விட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் கடைசி வீடியோக்களை ஓட்டிவிட்டுப் பார்ப்பார்கள், எனக்குத் தெரியும், நானும் அப்படிப் பார்த்திருக்கிறேன். முதல் இருபது இடத்தில் வருகிறவர்களை மட்டும் இரண்டாவது ஜட்ஜும் எண்ணட்டும். கருங்கல் ஆளைக் குளச்சல்காரர் எண்ணட்டும், குளச்சல் ஆளைத் தக்கலைக்காரர். நம் மாவட்டத்தில் எந்த இரண்டு பேரும் பத்து நிமிடம் பேசினால் ஏதாவது உறவு வந்துவிடும், முழுக்கத் தவிர்க்க முடியாது. ஆனால் சொந்த ஜிம் பையனுக்குச் சொந்த மாஸ்டர் மார்க் போடக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

தண்டனையையும் முன்னாலேயே எழுதி அனுப்பிவிடுங்கள். தப்பான ரெப் ஐந்துக்குள் இருந்தால் அவற்றைக் கழித்து மார்க். அதற்கு மேல் போனால் ஒன்றுக்கு இரண்டாகக் கழிவு. பாதிக்குப் பாதி தப்பு என்றால் வீடியோ செல்லாது, கெடு தேதிக்குள் இன்னொரு முறை செய்து அனுப்பலாம். போட்டி முடிந்த பிறகு எழுதுகிற விதி எவ்வளவு நியாயமாக இருந்தாலும் ஒருவனைக் குறிவைத்து எழுதியதாகத்தான் தோன்றும்.

வீடியோ வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும், கடிகாரம் படத்துக்குள் ஓட வேண்டும். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டூல் மேல் இடுப்பு உயரத்தில், ஆளுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் முன்னால் தள்ளி வைக்கட்டும். ஷட்டிலுக்கு இரண்டு கோட்டுக்கும் நடுவில். அகலமாகத் தெரிகிறது என்று 0.5 லென்ஸைப் போடுவார்கள், ஓரத்தில் எல்லாம் வளைந்து தெரியும், கோடே கோணலாக இருக்கும். பின்னால் தள்ளி வைத்து 1 லென்ஸில் எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நசுங்கி வரும், முழங்கால் எது தரை எது என்று தெரியாது. கூகுள் டிரைவில் போட்டு லிங்க் அனுப்பட்டும்.

பெண்களின் கேள்விக்கு வருகிறேன். அதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது முதல் கேள்வியாகப் படுகிறது. வாட்ஸ்அப் குரூப்பில் வந்த வீடியோ எங்கே போய் நிற்கும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அதனால் குரூப்புக்குள் ஒரு வீடியோவும் வரக் கூடாது. லிங்க் நேராக ஜட்ஜின் மின்னஞ்சலுக்கு மட்டும் திறக்கும்படி கொடுக்கட்டும், பெண்கள் பிரிவுக்கு இரண்டு பெண் ஜட்ஜுகளைப் பிடியுங்கள். நாகர்கோவிலில் உடற்கல்வி ஆசிரியைகள் பலர் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். முடிவு அறிவித்து, ஆட்சேபத்துக்கு ஒரு வாரம் கொடுத்து, அதன் பிறகு லிங்கை அவரவரே மூடிவிடலாம் என்று விதியிலேயே எழுதுங்கள். ஜெயித்தவர் வீடியோவை விளம்பரத்துக்குப் போட ஆசையாக இருக்கும். தனியாகக் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கி, பிறகு போடுங்கள். முகம் மறைத்து வீடியோ அனுப்பலாமா என்றும் ஒருவர் கேட்கக்கூடும். செய்தது அவர்தானா என்று ஜட்ஜுக்குத் தெரிய வேண்டுமே. தொடக்கத்தில் முகத்தையும் பெயர் எழுதிய தாளையும் காட்டிவிட்டு, கேமராவை நிறுத்தாமல் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு செய்ய அனுமதிக்கலாம். மாஸ்க்கோடு பர்பி செய்வது மூச்சுக்குக் கஷ்டம் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். மெல்லிய துணியாக இருக்கட்டும், மூச்சு முட்டினால் கழற்றிவிட வேண்டும்.

நாற்பது தாண்டியவர்களுக்கு மூட்டையில் 5 கிலோ குறையுங்கள். நெஞ்சுவலி, ரத்த அழுத்த மாத்திரை என்று எதுவும் இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். மே மாதத்து மதிய வெயிலில் யாரும் வீடியோ எடுக்க வேண்டாம் என்று ஒரு வரி சேருங்கள், கல்ஃப் பையன்களுக்கு அதை இரண்டு முறை சொல்லுங்கள்.

திருட்டு ரெப் சோதனையை மூட்டையில் முதலில் செய்து பாருங்கள். தோளில் ஏறாமல் கைக்கு வெளியே நழுவிப் பின்னால் விழுகிற மூட்டையை எண்ணுவதா என்பதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருக்கிறது. எங்கள் ஜிம்மில் அதை நோ-ரெப் என்கிறோம், உங்கள் பையன்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.